தலைக்கணக்கில் உண்டு, வாக்குப் பட்டியலில் இல்லை

கேமரன் மலை பகாங் மாநிலத்தின் நிலம். ஆனால் 1930களின் தொடக்கத்தில் மலைக்குப் போடப்பட்ட சாலை பேராக்கின் தாப்பாவிலிருந்துதான் ஏறியது. பல பத்தாண்டுகளுக்கு வேறு வழியே கிடையாது. மலைமேல் தானா ராத்தாவில் குடியிருந்த ஒருவர் அன்றைய பகாங் தலைநகரான கோலா லிப்பிசுக்குப் போக வேண்டுமானால், முதலில் பக்கத்து மாநிலத்துக்குள் இறங்கி, ஊரெல்லாம் சுற்றி, மறுபடியும் தன் மாநிலத்துக்குள் நுழைய வேண்டும். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் ஹாபுவில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது இலங்கைத் தேயிலையில் பழகிய ஏ. பி. மில்ன் அவருடன் இருந்தார். காட்டை வெட்டி நாற்று நட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். 1957இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் நிலத்தை மாநிலத்திடம் கொடுத்தது. தொழிலாளர் நலம், கல்வி, மருத்துவம், குடியுரிமை ஆகியவற்றை மத்திய அரசிடம் வைத்தது. செடியின் வேர் ஓர் அரசிடம், கொழுந்து கிள்ளும் விரல் இன்னோர் அரசிடம் என்றாயிற்று.

அரசு ஒன்றை ஒன்றுமில்லாமையிலிருந்து கட்டுவது பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் அமெரிக்க அரசமைப்பு எழுதப்பட்ட 1787ஆம் ஆண்டின் பிலடெல்பியாவுக்குத்தான் போவார்கள். தேயிலை என்றதும் பாஸ்டன் துறைமுகத்தில் 1773 டிசம்பரில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டிகளும் நினைவுக்கு வரும். அந்த ஒற்றுமை மேலோட்டமானது, அதை விட்டுவிடலாம். பிலடெல்பியாவில் கூடிய 55 பேர் பட்ட பாட்டுக்கும் மலாயாவின் அரசமைப்பை எழுதியவர்கள் பட்ட பாட்டுக்கும் உள்ள உண்மையான உறவு வேறிடத்தில் இருக்கிறது. மாநிலத்துக்கு எவ்வளவு, மத்திக்கு எவ்வளவு, தலைவனை எப்படித் தேர்ந்தெடுப்பது போன்ற கேள்விகளை இரு தரப்பும் பேரம் பேசித் தீர்த்துக்கொண்டன. தீராமல் நின்றது ஒன்றுதான்: ‘மக்கள்’ என்று எழுதுகிறோமே, அதில் யார் யார் அடக்கம்?

பிலடெல்பியாவில் அந்தக் கேள்விக்கு வந்த விடை வரலாற்றில் கேவலமான பேரங்களில் ஒன்று. கீழவையில் ஒரு மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பதை மக்கள்தொகை முடிவு செய்யும் என்றானதும், தென் மாநிலங்கள் தங்கள் அடிமைகளையும் மக்களாக எண்ணச் சொல்லின. வாக்குரிமை கேட்டால் அவர்கள் சொத்து. இடங்கள் கேட்டால் அவர்கள் மக்கள். கடைசியில் ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணுவதென்று முடிந்தது. 1790ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கிருந்த அடிமைகள் ஏறக்குறைய ஏழு லட்சம் பேர். அவர்கள் தலைகள் இடங்களாக மாறி, அவர்களை விலைக்கு வாங்கியவர்களின் கைக்குப் போயின. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அந்தச் சாசனம் ‘குடிமக்கள்’ என்ற சொல்லைப் பல இடங்களில் ஆள்கிறது, ஆனால் குடிமகன் யார் என்று எங்கும் சொல்வதில்லை. அதைச் சொன்னது 1868இல் வந்த பதினான்காம் திருத்தம். இடையில் ஒரு பெரும் உள்நாட்டுப் போர் நடந்து முடிந்திருந்தது.

மலாயாவில் கதை கொஞ்சம் தலைகீழ். அங்கே குடிமகன் யார் என்பதுதான் முதல் சண்டையே.

பகாங், பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான் ஆகிய நான்கையும் பிரிட்டிஷார் 1896இல் ‘கூட்டரசு மலாய் மாநிலங்கள்’ என்று ஒன்றாகக் கட்டினார்கள். பெயரில் கூட்டரசு, நடப்பில் கோலாலம்பூரிலிருந்து ஆண்ட ஒற்றை நிர்வாகம். ஜப்பானியர் போனபின், 1945இன் இறுதி மாதங்களில் பிரிட்டிஷ் அரசின் தூதராக ஹரோல்டு மக்மைக்கேல் சுல்தான்களிடம் ஒவ்வொருவராகப் போய்க் கையெழுத்து வாங்கினார். 1946 ஏப்ரல் 1ஆம் தேதி மலாயா யூனியன் பிறந்தது. சுல்தான்களின் இறையாண்மையைப் பறித்த அதே திட்டம், மலாயாவில் பிறந்தவர்களுக்கும் நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்கும் தாராளமான குடியுரிமையை முன்வைத்தது. மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள், ஓன் பின் ஜாஃபர் தலைமையில் அம்னோ கட்சி உருவானது அந்தக் கொதிப்பில்தான். இந்தத் திட்டத்தால் பலன் பெற்றிருக்கக்கூடிய சீனரும் தமிழரும் அதைக் காக்க முன்வரவில்லை. இதற்காக அவர்களைக் குறை சொல்வது பலரின் வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஜப்பானியரின் சயாம் மரண ரயில் பாதை வேலையிலிருந்து பாதி உயிரோடு திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கு 1946இல் அரிசிப் பங்கீடுதான் அரசியல். அந்தத் திட்டத்தின் குடியுரிமைப் பகுதி நடைமுறைக்கு வராமலே செத்துப்போனது.

1946 ஆகஸ்டில் ஜான் திவியைத் தலைவராகக் கொண்டு மலாயன் இந்தியன் காங்கிரஸ் (ம.இ.கா.) பிறந்தது. தொடக்கத்தில் அது நின்ற இடம் இன்று பலருக்கு வியப்பாக இருக்கும். தான் செங் லோக் தலைமையிலான கூட்டு நடவடிக்கை மன்றத்தில்தான் ம.இ.கா. இருந்தது. இடதுசாரி மலாய் இயக்கங்களின் கூட்டணி அந்த மன்றத்தோடு கைகோத்திருந்தது. அவர்கள் 1947இல் ஒரு மக்கள் அரசமைப்பு வரைவை எழுதினார்கள். நாட்டில் எல்லோருக்கும் ஒரே குடியுரிமை, மலாய் ஆட்சிமொழி, அந்தக் குடியுரிமைக்கு ‘மெலாயு’ என்றே பெயர். அதை ஏற்கச் சொல்லி 1947 அக்டோபர் 20ஆம் தேதி நாடு முழுக்கக் கடையடைப்பு நடந்தது. பிரிட்டிஷார் திரும்பிப் பார்க்கவில்லை. அம்னோவும் சுல்தான்களும் பேசி முடித்த மலாயா கூட்டரசு ஒப்பந்தம் 1948 பிப்ரவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வேண்டியவர் உள்ளூரில் பிறந்தவரானால் முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டும், வெளியே பிறந்தவரானால் இருபதில் பதினைந்து ஆண்டும் இங்கே இருந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர், அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். குடியுரிமை இல்லாதவனை நாடு கடத்துவது எளிது என்பதைத் தோட்டத்துச் சனங்கள் அப்போது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

சுதந்திரத்துக்கு முந்திய முதல் பொதுத் தேர்தல் 1955 ஜூலை 27ஆம் தேதி நடந்தது. 52 இடங்களில் 51ஐ, அம்னோவும் ம.இ.கா.வும் அடங்கிய கூட்டணி அள்ளியது. வென்றவர்களில் ம.இ.கா.வினர் இருவர். பதிவான வாக்காளர்கள் சுமார் 12.8 லட்சம் பேரில் மலாய்க்காரர் 84 விழுக்காடு, சீனர் 11 விழுக்காடு. இந்தியரும் பிறரும் சேர்ந்து ஐந்து விழுக்காட்டைத் தொடவில்லை. ஆனால் மக்கள்தொகையில் இந்தியர் பதினொரு விழுக்காட்டுக்கு மேல். தோட்டத்தில் பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கெடுப்பில் நின்றவர்களில் பெரும்பாலோர் அந்தத் தேர்தலை வேடிக்கைதான் பார்த்திருக்க முடியும்.

அரசமைப்பை எழுத ஆள் தேவைப்பட்டபோது, பிலடெல்பியாவில் நடந்ததற்கு நேர் எதிரானது மலாயாவில் நடந்தது. அங்கே நாட்டின் உள்ளூர்ப் பெரியமனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்களுக்குள் எழுதினார்கள். இங்கே ஒரு மலாயாக்காரர்கூட இல்லாத குழு எழுதியது. உள்ளூர்க்காரர் எழுதினால் எந்த இனத்தின் பக்கம் சாய்ந்தார் என்ற பேச்சு வரும் என்பதால், வெளியாரே வேண்டுமென்று கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானின் தரப்பு கேட்டது. ரீட் பிரபு தலைவர். பிரிட்டனின் ஐவர் ஜென்னிங்ஸ், ஆஸ்திரேலியாவின் வில்லியம் மக்கெல், அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக், பாகிஸ்தானின் நீதிபதி அப்துல் ஹமீது ஆகியோர் உறுப்பினர்கள். 1956 ஜூன் முதல் அக்டோபர் வரை 118 அமர்வுகள் நடத்தி, 131 மனுக்களை வாங்கிக்கொண்டு, அறிக்கையை எழுத ரோமுக்குப் போனார்கள். 1957 பிப்ரவரியில் அது வெளிவந்தது.

அந்த அறிக்கையில் யார் யாருடைய கைரேகை இருக்கிறது என்று தேடுவது சுவாரசியமான வேலை. நாடாளுமன்ற முறை லண்டனுடையது. அடிப்படை உரிமைகளை ஒரு பகுதியாக எழுதி வைத்ததும், மத்திய–மாநில அதிகாரங்களைப் பட்டியல்களாகப் பிரித்து அட்டவணையில் போட்டதும் இந்தியாவிடமிருந்து வந்தவை. மேலவையில் மாநிலத்துக்கு இரண்டு இடம், அந்த இருவரைச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுப்பது என்பது அமெரிக்க செனட்டின் பழைய வடிவம். அமெரிக்கா அதை 1913இல் கைவிட்டுவிட்டது. மலாயாவின் மேலவையில் மாநிலங்கள் அனுப்பிய 22 பேரோடு மாமன்னர் நியமித்த 16 பேரும் உட்கார்ந்தார்கள். பின்னாளில் நியமனக்காரர்களே பெரும்பான்மையானார்கள். அமெரிக்காவில் சிறு மாநிலங்கள் சண்டை போட்டு வாங்கிய சமத்துவம் இங்கே வெறும் வடிவமாக வந்து சேர்ந்தது.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை சுல்தான்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் மாமன்னர் முறை மட்டும் எங்கிருந்தும் இரவல் வாங்கியதல்ல. நெகிரி செம்பிலானில் வட்டாரத் தலைவர்கள் கூடித் தங்கள் அரசரைத் தெரிவு செய்யும் பழைய வழக்கம் அதற்கு உள்ளூர் முன்மாதிரியாக இருந்தது; முதல் மாமன்னரும் அந்த மாநிலத்தவரே. ஆட்சிக்காலத்தில் மூத்தவரான ஜொகூர் சுல்தான் வேண்டாமென்றார். வரிசையில் அடுத்தவர் பகாங் சுல்தான் அபு பக்கார். மற்றவர்கள் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

ரீட் குழுவின் ஐந்து பேரில் தோட்டத் தமிழனை நன்கு அறிந்திருக்க வேண்டியவர் ஜென்னிங்ஸ். 1942 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர், டி. எஸ். சேனநாயக்கவின் அரசமைப்பு ஆலோசகர். இலங்கையின் சோல்பரி அரசமைப்பில் அவர் கை இருந்தது. அந்த அரசமைப்பு தேர்தல் தொகுதிகளை வகுக்க ஒரு சூத்திரம் வைத்தது: 75,000 பேருக்கு ஓர் உறுப்பினர், அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஓர் உறுப்பினர். 1947 தேர்தலில் மலையகத் தமிழர்கள் வாக்களித்தார்கள். இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் நாடாளுமன்றம் போனார்கள், நுவரெலியாவில் எஸ். தொண்டமான் வென்றார். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. வாக்குரிமை போயிற்று. ஆனால் தொகுதிகள் அப்படியே இருந்தன. தேயிலை மலைகளில் வாழ்ந்த லட்சக்கணக்கான தமிழர்களின் தலைகளை எண்ணி வகுத்த தொகுதிகளில், மிச்சமிருந்த கண்டிச் சிங்கள வாக்காளர்கள் சிலர் பலருக்கான உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1959ஆம் ஆண்டு எல்லை நிர்ணயத்திலும் குடியுரிமை அற்றவர்கள் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கப்பட்டனர். பிலடெல்பியாவில் ஐந்துக்கு மூன்று என்று எண்ணினார்கள். கண்டி மலையில் ஐந்துக்கு ஐந்து எண்ணினார்கள். அடிமைமுறையையும் தோட்ட உழைப்பையும் நான் சமன் செய்யவில்லை. எண்ணுகிற கணக்கின் தந்திரம் ஒன்றேதான் என்கிறேன்.

இலங்கையில் அது எப்படிச் சாத்தியமாயிற்று? குடியுரிமையை அரசமைப்புக்குள் எழுதாமல் சாதாரணச் சட்டத்துக்கு விட்டுவிட்டார்கள். சிறுபான்மையினரைப் பாகுபடுத்தும் சட்டம் இயற்றக்கூடாதென்று 29ஆம் பிரிவு சொன்னது உண்மைதான். வாக்காளர் பட்டியலில் சேரக் கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கு 1953இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அந்தச் சட்டம் பாகுபாடு அல்ல என்று அங்கே தீர்ப்பாயிற்று. மலாயாவில் ரீட் ஆணையம் குடியுரிமைக்கென அரசமைப்பின் மூன்றாம் பாகத்தையும் ஓர் அட்டவணையையும் ஒதுக்கியது. திருத்த வேண்டுமானால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குத் தேவை. கொழும்பில் பட்ட சூடு கோலாலம்பூரில் பாடமாயிற்று என்று சொல்லத் தோன்றும். அதற்குள் அவசரப்பட வேண்டாம்.

1957 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஹாபு பக்கத்தில் ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டில் கிழவர் ஒருவர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். அவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முந்திய பன்னிரண்டு ஆண்டில் எட்டு ஆண்டு இங்கே இருந்திருக்க வேண்டும். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர் என்பதால், ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்த் தேர்விலிருந்து விலக்கு. அவர் மகன் இதே லயத்தில் 1936இல் பிறந்தவன். அவனுக்கு ஏழில் ஐந்து ஆண்டு போதும். அவனுக்கும் ஓராண்டுக்குள் என்றால் மொழித் தேர்வு இல்லை, பிந்தினால் உண்டு. மகனுக்கு அடுத்த மாதம் பிறக்கப்போகும் பிள்ளை மட்டும் எந்தக் காகிதமும் கேட்காமல் இந்த மண்ணில் பிறந்த ஒரே காரணத்தால் குடிமகன். ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறை, மூன்று சட்டம். ஓராண்டுக் கெடு என்று ரோமில் எழுதுவது சுலபம். அது முடியுமுன் தோட்டத்து ஆபீசில் எழுத்தரான கிராணியைப் பிடித்து, செக்ரோல் என்னும் ஆள்பதிவேட்டில் பெயர் இருந்த ஆண்டுகளைக் காட்டி, படிவத்தை நிரப்பி, மலையிறங்கி அலுவலகத்தில் கொடுத்து வர வேண்டும். ஒரு நாள் பெரட்டுக்குப் போகவில்லையென்றால் அன்றைய கூலி இல்லை.

பலர் அதையும் செய்தார்கள். 1959 பொதுத் தேர்தலுக்குள் வாக்காளர் எண்ணிக்கை ஏறக்குறைய 22 லட்சமாகியது, இந்தியர் பங்கு ஏழு விழுக்காட்டைத் தாண்டியது. செய்யாமல் விட்டவர்களும் உண்டு. இந்தியாவுக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்தவர்கள், காகிதம் இல்லாதவர்கள், யாரும் சொல்லாததால் தெரியாதவர்கள். அவர்களிடம் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டை மிஞ்சியது.

இப்போது அந்தப் பாடத்துக்கு வருவோம். 1959 தேர்தலில் கூட்டணி 104 இடங்களில் 74ஐப் பிடித்தது. மூன்றில் இரண்டுக்கு மேல். அந்தப் பலத்தோடு 1962இல் அரசமைப்பைத் திருத்தியது. பிறந்த மண்ணே குடியுரிமை தரும் என்ற விதி ஐந்தே ஆண்டில் சுருங்கியது. இனிப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தாக வேண்டும். தொகுதிகளை ஏறத்தாழச் சமமான வாக்காளர்களோடு வகுக்கச் சொன்ன விதியும் அதே திருத்தத்தில் தளர்ந்தது. நகரத் தொகுதியின் பாதியளவு வாக்காளர் இருந்தாலே கிராமத் தொகுதிக்குப் போதும் என்றானது. தோட்டத் தமிழரும் கிராமத்தில்தான் இருந்தார்கள், ஆனால் நாடெங்கும் சிதறிக் கிடந்ததால் எந்தத் தொகுதியிலும் அவர்கள் பெரும்பான்மை இல்லை. கிராமத்துக்குக் கிடைத்த கனம் அவர்கள் தட்டில் விழவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டைக் கட்டாயமாக்கியது. அது கிடைக்காது என்ற அச்சத்தில் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். அரசமைப்புக்குள் எழுதிவிட்டால் உரிமை பத்திரம் என்பது, எதிர்க்கட்சி வலுவாக இருக்கும் நாட்டில் மட்டும் உண்மை.

குடியுரிமைச் சிக்கல் இன்னும் நுணுக்கமாக வீட்டுக்குள் வந்த இடம் கல்யாணம். தோட்டத்துக் கோயிலில் ஊர்கூடித் தாலி கட்டியாயிற்று, பந்தி முடிந்தது; பதிவாளர் அலுவலகம் மலைக்குக் கீழே. 1982 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவாகாத திருமணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டம் முறைப்படி பிறந்ததாகக் கருதுவதில்லை. அத்தகைய பிள்ளைக்கு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி தாயின் நிலைதான் கணக்கு. அப்பன் நீல அட்டை வைத்திருக்கும் குடிமகனாக இருந்தாலும், தாயிடம் எந்த அட்டையும் இல்லையென்றால் பிள்ளை நாடற்றது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதோ பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போதோதான் வீட்டார்க்கு விஷயம் தெரியவரும்.

மலையின் முதல் குடிகளை இதுவரை நான் சொல்லவில்லை. 1957இன் பேரங்களிலும் அவர்களை யாரும் கூப்பிட்டுப் பேசவில்லை. கேமரன் மலைக் காடுகள் செமாய் முதலிய ஒராங் அஸ்லி மக்களுடையவை. மலாய்க்காரரின் சிறப்பு நிலையைப் பேசும் 153ஆம் பிரிவு அவர்களைக் குறிக்கவில்லை. வேறொரு பிரிவின் உட்கூறில் அவர்களுக்கு ஒரு வரி கிடைத்தது. அமெரிக்கச் சாசனமும் வரி கட்டாத செவ்விந்தியரைத் தலைக்கணக்கிலிருந்தே விலக்கியிருந்தது. அவர்கள் எல்லோரும் குடிமக்களானது 1924இல்.

இன்றைய கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் தானா ராத்தாவும் லிப்பிஸ் பக்கத்து ஜெலாயும் அடங்கும். எந்த இனத்துக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ம.இ.கா. தனதென்று நினைத்திருந்த தொகுதி அது. 2018இல் அதன் வேட்பாளர் 597 வாக்கில் வென்றார். ஒராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகத் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியைச் செல்லாததாக்கியது. 2019 ஜனவரி 26ஆம் தேதி இடைத்தேர்தலில் ம.இ.கா. ஒதுங்கிக்கொள்ள, தேசிய முன்னணி ரம்லி முகமட் நோரை நிறுத்தியது. ஓய்வுபெற்ற காவல் அதிகாரி, செமாய் இனத்தவர். நாட்டின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஒராங் அஸ்லி அவர். மெர்டேக்கா என்னும் சுதந்திரத்துக்கு அப்போது 61 வயது ஆகியிருந்தது.

2024 அக்டோபரில் நாடாளுமன்றத்தின் கீழவை குடியுரிமைப் பகுதியை மறுபடியும் திருத்தும் மசோதாவை நிறைவேற்றியது. வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு, தந்தையருக்கு உள்ள அதே உரிமையை அது கொடுத்தது. நீண்ட போராட்டத்தின் பலன், வரவேற்க வேண்டியது. ஆனால் அதே மசோதாவின் இன்னொரு மூலையில், 1962இன் விதியிலிருந்து ‘நிரந்தரவாசி’ நீக்கப்பட்டது. அதன்படி சிவப்பு அட்டைக்காரர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தாமாகக் குடிமக்களாவதில்லை, விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் பிரித்து வாக்கெடுக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஒன்றாகவே வைத்து மூன்றில் இரண்டு பங்கோடு நிறைவேற்றினார்கள்.